தெரிந்துகொள்வோம்: பூட்டுக்குள் ஐந்து காவல்காரர்கள்



காலையில் வீட்டைப் பூட்டிவிட்டு வேலைக்குக் கிளம்புகிறோம். பஸ் நிற்கும் இடம் வரை போன பிறகு, "பூட்டினோமா, இல்லையா?" என்ற சந்தேகம் வந்து விடுகிறது. திரும்பி ஓடி வந்து பூட்டை இரண்டு இழுப்பு இழுத்துப் பார்க்கிறோம். அது அசையாமல் நின்றால் மனம் நிம்மதி அடைகிறது. ஆனால் அந்தப் பூட்டு ஏன் அசையவில்லை, அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருப்போம்? தாலிக்கொடி, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், சேமநிதிக் காகிதம், தீபாவளிக்கென்று சேர்த்து வைத்த நூறு இருநூறு வெள்ளி என்று எல்லாவற்றையும் உள்ளங்கை அளவுள்ள ஒரு பொருளை நம்பி விட்டுப் போகிறோம். அந்தப் பொருளின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை இம்முறை தெரிந்துகொள்வோம்.

முதலில் பெயரைப் பார்ப்போம். மலாய்க்காரர்கள் பூட்டை 'இபு குஞ்சி' என்பார்கள். சாவி 'அனாக் குஞ்சி'. அதாவது பூட்டு தாய், சாவி பிள்ளை. எவ்வளவு அழகான பெயர்! தொங்கு பூட்டுக்கு அவர்களிடம் இன்னொரு பெயரும் உண்டு. அது 'மங்கா'. மாம்பழத்துக்கும் அதே சொல்தான். அந்தச் சொல் நம்முடைய 'மாங்காய்' என்ற சொல்லிலிருந்து கடல் கடந்து வந்தது. தமிழ்நாட்டில் திண்டுக்கல் நகரத்துக் கைவினைஞர்கள் செய்யும் பூட்டு வகைகளிலும் ஒன்றுக்கு மாங்காய்ப் பூட்டு என்றே பெயர். அங்கே மாங்காய், இங்கே மங்கா.

திண்டுக்கல் பூட்டைப் பற்றி நம் பெரியவர்கள் பெருமையாகச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கோவில், கிடங்கு, சிறைச்சாலை என்று பெரிய கதவுகளைக் காத்த கைவேலைப் பூட்டு அது. 2019ஆம் ஆண்டில் இந்திய அரசு அதற்குப் புவிசார் குறியீடு வழங்கியது. திண்டுக்கல்லின் பெயரை அந்த ஊர்ப் பூட்டுக்கு மட்டுமே சூட்டலாம் என்பதற்கான சட்டப் பாதுகாப்பு இது. அந்தப் பூட்டுக்குள் லீவர் எனப்படும் தட்டையான தகடுகள் அடுக்கி இருக்கும். சாவியின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்கினால்தான் பூட்டு திறக்கும்.

இன்று நம் வீடுகளில் தொங்கும் பித்தளைப் பூட்டுகளும், கதவோடு பொருத்திய உருளைப் பூட்டுகளும் பெரும்பாலும் வேறொரு வகை. அவற்றில் தகடுகளுக்குப் பதிலாகச் சிறு முளைகள் இருக்கின்றன. இந்த முளைப் பூட்டு பழைய எகிப்து நாட்டில் மரத்தால் செய்யப்பட்டது. அதன் சாவியும் மரம்தான். பல் துலக்கும் பிரஷ் போல நுனியில் குச்சிகள் நட்டிருக்கும். அதையே உலோகத்தில் சுருக்கி, சட்டைப் பையில் போடும் அளவுக்குக் கொண்டு வந்தவர்கள் அமெரிக்காவைச் சேர்ந்த லைனஸ் யேல் என்ற தந்தையும், அதே பெயர் கொண்ட மகனும். தந்தை 1848இல் தம் பூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். மகன் 1861லும் 1865லும் அதைத் திருத்தி, இன்று நாம் பயன்படுத்தும் தட்டையான பல் சாவியைக் கொண்டு வந்தார். நம் பைகளில் இருக்கும் சாவிகள் பெரும்பாலும் அந்த வம்சத்தில் வந்த பிள்ளைகளே.

இரண்டு பலகையும் ஓர் ஆணியும்

பூட்டு வேலை செய்யும் முறையைப் புரிந்துகொள்ள இரண்டு பலகைகள் போதும். ஒன்றின் மேல் ஒன்றாக அவற்றை வையுங்கள். மேல் பலகையைக் கையால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகும். இப்போது இரண்டையும் சேர்த்து ஒரு துளை போட்டு, அதில் ஓர் ஆணியை இறக்குங்கள். இனி மேல் பலகை நகராது. ஆணி இரண்டு பலகைகளுக்கும் குறுக்கே நிற்கிறதல்லவா? அதுதான் பூட்டிய நிலை.

அடுத்து, அந்த ஆணியை எடுத்து இரண்டு துண்டாக வெட்டுங்கள். வெட்டிய இடம் இரண்டு பலகைகளும் சந்திக்கும் கோட்டுக்கு நேராக வரும்படி துண்டுகளைத் துளைக்குள் வையுங்கள். இப்போது தள்ளினால் மேல் பலகை தன் பங்குத் துண்டைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடும். வெட்டிய இடம் கோட்டுக்குச் சற்று மேலே இருந்தாலும் நகராது, சற்றுக் கீழே இருந்தாலும் நகராது.

பூட்டிலும் இதேதான். வெளியே இருக்கும் உடல் ஒரு பலகை. உள்ளே சுழலும் உருளை இன்னொரு பலகை. நாம் சாவி நுழைக்கும் துவாரம் அந்த உருளையில்தான் இருக்கிறது. உடலையும் உருளையையும் சேர்த்துச் சாதாரணமாக ஐந்து துளைகள் வரிசையாகப் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு துளையிலும் இரண்டு துண்டான ஒரு முளையும், அதைக் கீழ்நோக்கி அழுத்த ஒரு சிறு சுருள்கம்பியும் இருக்கும். சாவி இல்லாதபோது மேல் துண்டுகள் பாதி உடலிலும் பாதி உருளையிலுமாகக் குறுக்கே நிற்கின்றன. உருளை சுழல முடியாது. ஐந்து காவல்காரர்கள் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாவியில் மலைத்தொடர் போல ஏற்றமும் இறக்கமும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அலங்காரம் அல்ல. கீழ்த்துண்டுகள் ஐந்தும் வெவ்வேறு நீளம் உள்ளவை. நீளமான துண்டுக்குச் சாவியில் பள்ளம், குட்டையான துண்டுக்கு மேடு. சரியான சாவி நுழைந்தவுடன் ஐந்து முளைகளின் வெட்டும் ஒரே கோட்டில் வந்து நிற்கின்றன. அந்தக் கோடுதான் உருளைக்கும் உடலுக்கும் நடுவே உள்ள எல்லை. ஐந்து பேரும் ஒரே நேரத்தில் காலை மடக்கிக்கொள்கிறார்கள். உருளை சுழல்கிறது, பூட்டு திறக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு

பிள்ளைகள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு முளைக்கும் ஆறு உயரங்கள் உண்டு என்று வைத்துக்கொள்வோம். ஐந்து முளைகளுக்கும் சேர்த்து 6 × 6 × 6 × 6 × 6 = 7,776 விதமான சாவிகள். ஒருவன் இத்தனை சாவிகளையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து, ஒரு சாவிக்குப் பத்து வினாடி என்று போட்டுப் பார்த்தால், எல்லாவற்றையும் முடிக்க ஏறக்குறைய 22 மணி நேரம் ஆகும். அதற்குள் பொழுது விடிந்து மறுபடி இருட்டத் தொடங்கிவிடும்.

மலிவான பூட்டின் கதை வேறு. மூன்றே முளை, ஒவ்வொன்றுக்கும் நான்கே உயரம் என்றால் 4 × 4 × 4 = 64 சாவிகள்தான். ஒரு பெட்டி நிறையப் பூட்டு வாங்கினால், ஒரு பூட்டின் சாவி இன்னொரு பூட்டுக்குச் சேர்ந்துவிடுவதில் வியப்பில்லை.

சாவி இல்லாமல் திறப்பது எப்படி?

சாவியைத் தொலைத்துவிட்டு நிற்கும்போது சாவிக்கடைக்காரர் வருகிறார். இரண்டு மெல்லிய கம்பிகளைத் துவாரத்தில் நுழைத்து ஏதோ செய்கிறார். ஐந்து நிமிடத்தில் பூட்டு திறந்துகொள்கிறது. 7,776 எங்கே போயிற்று?

நான்கு எருதுகளும் சிங்கமும் கதையை நாமெல்லாம் படித்திருக்கிறோம். நான்கும் ஒற்றுமையாக நின்றவரை சிங்கத்தால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தனித்தனியாகப் பிரித்த பிறகு ஒவ்வொன்றாக முடிந்தது கதை. பூட்டைத் திறக்கும் வித்தையும் அதுதான்.

ஐந்து துளைகளும் நூல் பிடித்தாற்போல ஒரே வரிசையில் இருந்தால், ஐந்து முளைகளும் ஒன்றுசேர்ந்து எதிர்த்து நிற்கும். ஆனால் உலகத்தில் எந்த இயந்திரமும் அவ்வளவு நேராகத் துளை போடுவதில்லை. மயிரிழை அளவு ஒன்று இப்படியும் இன்னொன்று அப்படியும் விலகியிருக்கும். ஒரு கம்பியால் உருளையை லேசாகச் சுழற்ற முயன்றால், அந்த விலகலால் ஒரே ஒரு முளைதான் முதலில் இறுகிக்கொள்ளும். மற்ற நான்கும் தளர்வாக ஆடும். இறுகிய முளையை இன்னொரு கம்பியால் மெல்லத் தூக்கினால், அதன் வெட்டு எல்லைக் கோட்டுக்கு வந்தவுடன் உருளை மயிரிழை அளவு நகரும். அப்போது அந்த முளையின் மேல்துண்டு விளிம்பில் ஏறி உட்கார்ந்துகொள்ளும், கீழே இறங்காது. அதன் பிறகு அடுத்த முளை இறுகும். இப்படியே ஒவ்வொன்றாக ஐந்தும் முடிந்தால் உருளை சுழன்றுவிடும்.

கணக்கை மறுபடி பாருங்கள். ஐந்து முளைகளையும் ஒன்றாகச் சரிசெய்ய வேண்டுமானால் ஆறை ஐந்து முறை பெருக்க வேண்டும். ஒவ்வொன்றாகச் சரிசெய்ய முடியுமானால் ஆறை ஐந்தால் ஒரே முறை பெருக்கினால் போதும். 7,776 முயற்சிகள் வெறும் 30 ஆகிவிடுகின்றன. முன்போலவே முயற்சிக்குப் பத்து வினாடி என்றால், 22 மணி நேரம் ஐந்து நிமிடமாகச் சுருங்கிவிடுகிறது. கையில் பழக்கம் வேண்டும் என்பது உண்மை. ஆனால் வழி இதுதான்.

வேறொரு முறையும் உண்டு. கேரம் பலகையில் ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு காய்களில் ஒன்றை ஸ்ட்ரைக்கரால் அடித்தால், அடிபட்ட காய் நின்றுவிட்டு மற்றது ஓடும். அதுபோல, தனியாக அறுத்துச் செய்த ஒரு சாவியை உள்ளே விட்டுத் தட்டும்போது, கீழ்த்துண்டுகள் அடிவாங்க, மேல்துண்டுகள் மட்டும் ஒரு கணம் துள்ளி எழும். அந்தக் கணத்தில் கோடு காலியாகிவிடுகிறது.

இவற்றுக்குப் பதில் கண்டுபிடிக்காமல் பூட்டுக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. நல்ல பூட்டுகளில் சில முளைகளை உடுக்கை போல நடுவில் இடை சிறுத்துச் செய்கிறார்கள். கம்பியால் தூக்கும்போது அந்த இடுப்பு எல்லைக் கோட்டில் மாட்டிக்கொள்ளும். திறந்துவிட்டது போல உருளை சற்று அசைந்து ஏமாற்றும், ஆனால் திறக்காது. துளைகள் துல்லியமாகவும் முளைகள் அதிகமாகவும் இருந்தால் வேலை இன்னும் கடினம். இரண்டு பூட்டுகளின் விலையில் உள்ள வித்தியாசத்தில் ஒரு பங்கு இதற்குத்தான்.

இதையெல்லாம் சொல்லலாமா?

"வாத்தியாரே, திருடனுக்குப் பாடம் நடத்துகிறீர்களா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1851இல் லண்டன் மாநகரமே இந்தக் கேள்வியைக் கேட்டது.

அந்த ஆண்டு அங்கே மாபெரும் உலகக் கண்காட்சி நடந்தது. அதற்கு அமெரிக்காவிலிருந்து ஆல்ஃபிரட் சார்ல்ஸ் ஹாப்ஸ் என்ற பூட்டு நிபுணர் வந்திருந்தார். அக்காலத்தில் சப் நிறுவனத்துப் பூட்டை யாராலும் திறக்க முடியாது என்று இங்கிலாந்து நம்பியிருந்தது. கள்ளக் கம்பி பட்டால் தானே இறுகிக்கொண்டு உடையவருக்குக் காட்டிக்கொடுக்கும் பூட்டு அது. ஹாப்ஸ் அதைச் சாட்சிகளின் முன்னிலையில் 25 நிமிடத்தில் திறந்தார். அடுத்தது பிராமா நிறுவனத்தின் பூட்டு. இதைத் திறக்கும் கருவி செய்பவருக்கு 200 கினி பரிசு என்ற அறிவிப்போடு அது பல்லாண்டுகள் கடைச் சன்னலில் இருந்தது. ஹாப்ஸ் 16 நாள்களில் மொத்தம் 51 மணி நேரம் உழைத்து அதையும் திறந்து, பரிசைப் பெற்றார்.

ஊரெல்லாம் கூச்சல். இப்படி இரகசியத்தை வெளியே சொல்லலாமா என்று பலர் கோபித்தார்கள். ஹாப்ஸ் தரப்பினர் சொன்ன பதிலின் சாரம் இதுதான்: திருடனுக்கு அவன் தொழில் ஏற்கனவே தெரியும், தெரியாமல் இருப்பது நேர்மையாகப் பணம் கொடுத்துப் பூட்டு வாங்குகிறவனுக்குத்தான். குறை வெளியே தெரிந்ததால்தான் அதற்குப் பிறகு வந்த பூட்டுகள் மேலும் திருந்தின. பிறர் பூட்டில் கை வைப்பது குற்றம் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் நம் பூட்டின் பலமும் பலவீனமும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த இரண்டு எண்களையும் மறுபடி பாருங்கள். ஒன்று 25 நிமிடம், மற்றது 51 மணி நேரம். இரண்டு பூட்டுமே திறந்துவிட்டன. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஆகவே, பூட்டு என்பது திறக்க முடியாத பொருள் அல்ல. திருடனுக்கும் நமக்கும் நடுவே நாம் விலைக்கு வாங்கி வைக்கும் நேரம். எவ்வளவு நேரம் வாங்குகிறோம், அந்த நேரத்துக்குள் யார் கண்ணில் அவன் படுவான் என்பதே கேள்வி.

பழைய லயங்களில் இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் இருந்தது. பெரட்டுக்கு இருட்டிலேயே எல்லாரும் போனாலும், வாசலில் ஒரு பாட்டி இருப்பார். ஆயாக் கொட்டாயில் ஆள் இருக்கும். புதிய முகம் லயத்துக்குள் வந்தால் நாயே ஊரைக் கூட்டிவிடும். நாதாங்கியை மாட்டிவிட்டுப் போனாலே போதும் என்றிருந்த காலம் அது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட பிறகு நம்மில் பலர் தாமான் வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்துவிட்டோம். தஞ்சோங் கிளிங் வட்டாரத் தொழிற்சாலைகளில் கணவன் பகல் ஷிப்ட், மனைவி இரவு ஷிப்ட் என்று போகும் குடும்பங்களில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாதவர்களும் உண்டு. பாட்டியின் கண் செய்த வேலையையும் சேர்த்து அந்தப் பித்தளைப் பூட்டின் தலையில் சுமத்திவிட்டோம்.

செய்ய வேண்டியவை

கம்பி விட்டுப் பொறுமையாகத் திறக்கும் திருடன் அபூர்வம். அவசரக்காரத் திருடன் பூட்டைத் தொடுவதே இல்லை. கதவில் அடித்த கொண்டியைப் பிடுங்குவான், வளைவுக் கம்பியை வெட்டுவான், அல்லது சன்னல் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக உருவுவான். நாற்பது வெள்ளிப் பூட்டை உளுத்த பலகையில் இரண்டு அரையங்குலத் திருகாணிகளால் மாட்டினால் பயன் என்ன? கொண்டியை மூடியபின் திருகாணித் தலைகள் வெளியே தெரியக் கூடாது. முடிந்தால் பலகையை ஊடுருவும் போல்ட்டு போட்டு உட்புறம் நட்டை முடுக்குங்கள். வளைவுக் கம்பி தடித்ததாகவும், மாட்டிய பிறகு கருவி நுழைய இடைவெளி இல்லாததாகவும் இருக்கட்டும்.

புது வீட்டுக்கு வாடகைக்குப் போனால், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு பூட்டின் உருளையை மாற்றிவிடுங்கள். முன்பு குடியிருந்தவர் எத்தனை சாவி வெட்டினார் என்பது யாருக்குத் தெரியும்? சாவியைப் பூந்தொட்டிக்கு அடியிலும் செருப்புக்குள்ளும் மீட்டர் பெட்டியிலும் வைக்காதீர்கள். முதலில் தேடும் இடங்கள் அவைதான். சாவிக் கொத்தில் வீட்டு முகவரியை எழுதித் தொங்கவிட வேண்டாம். புது வீட்டுச் சாவியைப் படம் பிடித்துக் கைப்பேசியில் ஊருக்கெல்லாம் காட்டவும் வேண்டாம். மேடு பள்ளம் தெளிவாகத் தெரிந்தால், படத்தைப் பார்த்தே சாவி வெட்டிவிட முடியும்.

நம் பக்கம் கடற்காற்று. இரும்புப் பூட்டு சீக்கிரம் துருப்பிடிக்கும். வெளிக்கதவுக்குப் பித்தளை உடல் நல்லது. சாவி சிக்கினால் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். அது தூசியைச் சேர்த்துப் பிசினாக்கி முளைகளை ஒட்டவைத்துவிடும். பென்சில் கரியைச் சுரண்டி, அந்தத் தூளைச் சாவியில் தடவி நாலைந்து முறை விட்டு எடுங்கள். அது போதும்.

மிக முக்கியமான ஒன்று

இவ்வளவு நேரம் வெளியே நிற்பவனைப் பற்றிப் பேசினோம். உள்ளே இருப்பவர்களைப் பற்றிப் பேசாமல் முடிக்க மனம் வரவில்லை.

இரவில் இரும்புக் கிரில்லை உட்புறமாகப் பூட்டிக்கொண்டு தூங்குகிறோம். சாவி எங்கே? அப்பாவின் சட்டைப் பையில், அல்லது அலமாரிக்குள், அல்லது எங்கோ. நடுநிசியில் தீப்பிடித்து விளக்கும் போய், புகை சூழ்ந்துகொண்டால் அந்தச் சாவி யார் கையில் அகப்படும்? கிரில் கதவு பூட்டியிருந்ததால் வெளியே வர முடியாமல் குடும்பங்கள் மாண்ட செய்திகளை இந்த நாட்டில் நாம் பலமுறை படித்துக் கண்ணீர் விட்டிருக்கிறோம். கிரில் சாவியைக் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள் என்று பொம்பா அதிகாரிகள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். திருடனிடமிருந்து நேரத்தை வாங்கத்தானே பூட்டு? அது நம் பிள்ளைகளின் நேரத்தைப் பறிக்கக் கூடாது.

ஆகவே ஒரு வேலை சொல்கிறேன், இன்றிரவே செய்யுங்கள். கிரில்லுக்குப் பக்கத்தில், வெளியிலிருந்து கைவிட்டால் எட்டாத இடத்தில், சுவரில் ஓர் ஆணி அடியுங்கள். கடைக்குட்டிக்கும் எட்டும் உயரமாக இருக்கட்டும். அந்தச் சாவிக்கு அதுவே நிரந்தர இடம். பிறகு விளக்குகளை அணைத்துவிட்டு, வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் படுக்கையிலிருந்து எழுந்து வந்து, தடவிப் பார்த்துச் சாவியை எடுத்துப் பூட்டைத் திறக்கட்டும். பாட்டியையும் விட வேண்டாம். ஒருவர் நின்று ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். முப்பது எண்ணுவதற்குள் திறக்க முடியாதவர் யாராவது இருந்தால், சாவியின் இடத்தை மாற்றுங்கள், அல்லது பூட்டை மாற்றுங்கள்.

பிள்ளைகளுக்கு இது விளையாட்டாக இருக்கும். சிரித்துக்கொண்டே நாலு முறை செய்வார்கள். செய்யட்டும்.

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.